நுரையும் வண்டலும்

நுரை மேலே எழுகின்றது. வண்டல் கீழே படிகின்றது. ஒன்றைக் கண்டு மகிழ்வோர் மற்றதைக் கண்டு முகஞ் சுளிப்பர். ஆயினும், இவ்விரண்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகளே என்பதைச் சிந்திப்போர் சிலர். இங்கிலாந்து நாட்டவர் தம் இல்லங்களிற் காய்ச்சும் பியர் இவ்வுண்மைக்கு நல்லதோர் எடுத்துக்காட்டு. மதுவுண்ணலைப் போற்றுவது நம் நோக்கமன்று. போத்தலினுள்ளே நிகழும் இரசாயனத்தை மாணவர்க்குக் காட்டுவதே நம் கருத்து.

அந்நாட்டிலே பியர் காய்ச்சுதல் பண்டைக்காலந்தொட்டு இல்லத்து வேலைகளுள் ஒன்றாக இருந்தது. வீட்டிற் காய்ச்சுவோரும் அனுமதிப்பத்திரம் பெறவேண்டும் என 1880 ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. 1963 இல் அவ்விதி நீங்கவே, இக்கைத்தொழில் மீண்டும் தழைத்தது.

முளைக்கவைத்து உலர்த்திய வாற்கோதுமையை வெந்நீரில் ஊறவிட்டு இனிய சாற்றைப் பிரித்தெடுப்பர். ஹொப் என்னும் கொடியின் பூவை அதிலிட்டுக் கொதிக்கவைத்து, ஆறியபின் மதுவத்தைச் சேர்ப்பர். மதுவம் என்பது ஒரே கலத்தாலான நுண்ணுயிர். நம் வீடுகளிற் கள்ளு விட்டுப் புளிக்கவைக்கும் அப்ப மாவைப் பொங்கச் செய்வதும் இவ்வினத்ததே. நொதித்தல் உயிர்களின் தொழில் என்பதைப் பிரான்சிய அறிஞர் லூயி பாஸ்டர் 1857 முதல் நிகழ்த்திய ஆராய்ச்சிகளால் நிலைநாட்டினார். மதுவம் சீனியை உட்கொண்டு, அற்ககோலையும் காபனீரொட்சைட்டு வாயுவையும் வெளிவிடுகின்றது.

முதல் நொதித்தலின்போது பிறக்கும் வாயு பெரும்பாலும் காற்றோடு கலந்துவிடும். எனவே, நொதித்து முடிந்த பியரிலே நுரை இராது. அதனைப் போத்தல்களில் நிரப்பும்போது லீற்றர் ஒன்றுக்கு 6 அல்லது 7 கிராம் சீனி சேர்த்து இறுக மூடுவர். எஞ்சி நிற்கும் மதுவம் அச்சீனியையும் உண்ணும். சீனியின் நிறையில் ஏறத்தாழப் பாதி வாயுவாக மாறும். வெளியிலே விட்டால் ஒன்றரை லீற்றருக்கும் மேற்பட்ட இடத்தை அடைக்கக்கூடிய அவ்வாயு, போகும் வழியின்றிப் பானத்திலே கரைகின்றது. மூடியைத் திறந்ததும் அமுக்கம் குறைகின்றது; கரைந்த வாயு குமிழிகளாய் மேலெழுகின்றது. அதுவே நுரை.

உணவு தீர்ந்ததும் மதுவம் ஓய்கின்றது. கலங்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டு போத்தலின் அடியிற் சென்று படிகின்றன. அதுவே வண்டல். பெரிய ஆலைகளிலே மதுவத்தை வடிகட்டி அகற்றிவிட்டு, வாயுவை வெளியிலிருந்து செலுத்துவதுண்டு. வீட்டிலோ வாயுவைத் தருவதே அம்மதுவம். அதனை முற்றாக வடித்துவிட்டால் நுரையும் இல்லை. நுரையை வேண்டுவோர் வண்டலையும் ஏற்றல் வேண்டும். குளிர்ந்த இடத்தில் நிறுத்திவைத்து, அசைக்காமல் மெல்லச் சாய்த்து வார்த்து, கடைசி விரற்கடையைப் போத்தலிலேயே விட்டுவிடுதல் அவர்கள் கைக்கொள்ளும் முறை.

ஈண்டு ஓர் ஆபத்து உண்டு. நொதித்தல் முடியுமுன்னரே போத்தலில் அடைத்தாலும், சீனியை அளவின்றிச் சேர்த்தாலும், வாயு மிகுந்து கண்ணாடி வெடித்துச் சிதறும். கண்ணையே பறிக்கவல்லது அச்சிதறல். ஆதலால், நீரமானி இரண்டு மூன்று நாட்களாக ஒரே அளவைக் காட்டிய பின்னரே போத்தலில் அடைப்பர். சீனியைக் கைக்கணக்கில் இடாது நிறுத்தே இடுவர். வாயுவின் அமுக்கத்தைத் தாங்கவல்ல தடித்த போத்தல்களையே கொள்வர். மதுவமிட்டு வீட்டில் இஞ்சிப் பானம் ஆக்கும் நம்மவர்க்கும் இவ்வெச்சரிக்கை முழுவதும் பொருந்தும்.

இனி, இழிவாகக் கருதப்படும் அவ்வண்டலின் பெருமையையும் சிறிது நோக்குவோம். பியர் ஆலைகளில் எஞ்சும் மதுவத்திலிருந்து உணவுச் சாறொன்றை ஆக்கும் தொழில் 1902 இல் இங்கிலாந்தின் பேர்ட்டன் நகரிலே தொடங்கிற்று. பாணிலே பூசி உண்ணும் மார்மைற் அதுவே. இந்தியாவின் பம்பாய் நகரில் இரத்தசோகையால் வாடிய கர்ப்பிணிப் பெண்களின் நோயை ஆராய்ந்த மருத்துவர் லூசி வில்ஸ், இம்மதுவச் சாறு அவர்களைத் தேற்றியமை கண்டு 1931 இல் அதனை வெளியிட்டார். அதிலடங்கியிருந்த மருந்துப் பொருள் போலிக் அமிலம் எனப் பின்னர் அறியப்பட்டது. இன்று உலகெங்கும் கர்ப்பிணிகட்கு அது வழங்கப்படுகின்றது.

நுரை சிறிது பொழுதில் அடங்கிவிடும். கீழே கிடக்கும் வண்டலோ, ஆராயும் கண்ணுடையார்க்குத் தாயையும் சேயையும் காக்கும் மருந்தாயிற்று. மாணவர்கள் எப்பொருளையும் எறியுமுன் ஒருகணம் உற்று நோக்குவாராக!