பாட்டியின் மொழி பேரனுக்கு எட்டட்டும்



இரும்பைக்கு அருகிலுள்ள புதுச்சேரி, 1962 ஆகஸ்டு 16 அன்று சட்டப்படி இந்தியாவோடு இணைந்தது. பிரெஞ்சுக் குடியுரிமையைத் தக்கவைத்துக்கொள்ளும் வாய்ப்பு அப்போது மக்களுக்குத் தரப்பட்டது. அதைத் தேர்ந்துகொண்ட குடும்பங்கள் பல, பின்னாளில் பிரான்சில் குடியேறின. அவற்றுள் கத்தோலிக்கக் குடும்பங்களும் உண்டு. இன்று அவர்களுடைய பேரப்பிள்ளைகள் விடுமுறைக்கு வரும்போது, பாட்டி தமிழில் நலம் விசாரிக்க, பிள்ளை பிரெஞ்சில் பதில் சொல்ல, நடுவில் தாய் மொழிபெயர்க்க வேண்டியிருக்கிறது. அன்பு இருக்கிறது, பேச்சு இல்லை.

இது ஏன் நேர்கிறது? குடியேறிய முதல் தலைமுறை தாய்மொழியில் வாழ்கிறது. இரண்டாம் தலைமுறை வீட்டில் ஒன்று, பள்ளியில் ஒன்று என இரு மொழி பேசுகிறது. மூன்றாம் தலைமுறைக்கோ பெரும்பாலும் பள்ளி மொழியே வீட்டு மொழியாகிவிடுகிறது. 19ஆம் நூற்றாண்டில் புதுச்சேரி, காரைக்காலிலிருந்து ரீயூனியன் தீவின் கரும்புத் தோட்டங்களுக்குச் சென்றவர்களின் வழித்தோன்றல்களிடம் தமிழ்ப் பெயர்கள் இன்றும் உள்ளன. ஆனால் அவர்கள் பேசுவது கிரியோல், பிரெஞ்சு மொழிகளே.

மொழியோடு நம்பிக்கையும் கைமாறுகிறது. திமொத்தேயுவின் தந்தை கிரேக்கர். ஆயினும் அவரது நம்பிக்கை பாட்டி லோயி, தாய் யூனிக்கி வழியாக வந்தது என்று பவுலடியார் நினைவுகூர்கிறார். 2018 ஜனவரி 7 அன்று குழந்தைகளுக்குத் திருமுழுக்கு வழங்கிய திருத்தந்தை பிரான்சிஸ், வீட்டின் பேச்சுமொழியில்தான் நம்பிக்கை பிள்ளைகளைச் சென்றடைகிறது என்று பெற்றோருக்கு எடுத்துரைத்தார்.

வெளிநாட்டில் வாழும் பெற்றோர் செய்யக்கூடியது எளியதே. இரு மொழி கற்றால் பிள்ளை குழம்பிவிடும் என்று அஞ்ச வேண்டாம். பிள்ளை பிரெஞ்சில் பதில் சொன்னாலும் நீங்கள் தமிழிலேயே தொடருங்கள். உணவுக்கு முன் செபமும் இரவுச் செபமும் தமிழில் இருக்கட்டும். வாரம் ஒருமுறை தாத்தா பாட்டியோடு தொலைபேசியில் நேரடியாகப் பேச விடுங்கள். ஈழத்தமிழர்கள் பிரான்சில் நடத்தும் தமிழ்ச்சோலைப் பள்ளிகள் எழுதவும் வாசிக்கவும் கற்றுத்தருகின்றன.

ஊரிலிருக்கும் நமக்கும் இதில் பங்குண்டு. விடுமுறைக்கு வந்த பிள்ளை "பாட்டி வந்தான்" என்றால் சிரிக்கிறோம். ஒருமுறை கேலிக்குள்ளான பிள்ளை மறுமுறை வாய் திறக்காது. சரியான சொல்லை அன்போடு நாமே ஒருமுறை சொல்லிக்காட்டினால் போதும்.

இன்னொன்றையும் எண்ணிப் பார்ப்போம். ஆங்கிலவழிப் பள்ளிக்குச் செல்லும் நம் பிள்ளைகளில் எத்தனை பேர் ஞாயிறு வாசகத்தைத் தடுமாறாமல் தமிழில் வாசிக்கிறார்கள்? கடல் கடக்காமலும் மொழியை இழக்கலாம். இன்றிரவு குடும்ப செபத்தில் நற்செய்தியை வாசிக்கும் பொறுப்பை நம் பிள்ளையிடம் கொடுப்போம்.