வேகக் கார் ஏன் தூக்கிப்போடுகிறது?

காந்திகிராமம் வழியே ஓடும் திண்டுக்கல்–மதுரை நான்குவழிச் சாலையில் வழுக்கிக்கொண்டு போகும் வேகக் கார், சின்னாளபட்டிப் பக்கம் திரும்பி வேகத்தடை ஏறியதும் தூக்கிப்போடுகிறதே, ஏன்? வளைவில் வண்டி சாயாதிருக்க ஸ்பிரிங்குகளை விறைப்பாக வைத்திருக்கிறார்கள். விறைப்பு மிஞ்சினால் சொகுசு மட்டுமல்ல, பிடிப்பும் போகும். ஒவ்வொரு டயரும் சாலையைத் தொடுவது ஏறத்தாழ உள்ளங்கை அளவுதான். சக்கரம் துள்ளும் கணத்தில் அதுவும் இல்லை.

நல்ல ஷாக் அப்சார்பர் சொகுசு, பிடிப்பு இரண்டையும் காக்கும். வளைவில் பிஸ்டன் மெல்ல நகரும்போது, எண்ணெய் சிறு துளைகளில் திணறிச் சாய்வைத் தாமதப்படுத்தும். மேட்டில் சட்டென அழுந்தினால் வால்வு திறந்து வழிவிடும்.

தூக்கிப்போடுவதைக் குறைக்கச் செலவில்லாத வழி, டயரில் சரியான காற்றழுத்தம். ஓடிய டயர் சூடேறி அழுத்தம் கூடும். ஆகவே காலையில் வண்டி எடுக்குமுன் அளந்து, கதவோரம் ஒட்டியிருக்கும் தாளில் உள்ள அளவுக்கே நிரப்புங்கள். பெரிய அலாய் சக்கரம் வேண்டவே வேண்டாம்: டயரின் பக்கச்சுவர் குறுகி, அடி நேரே ரிம்மில் விழும்.