மின்சாரக் காரில் டேஷ்கேம்: மின்சாரத்தை எங்கிருந்து எடுப்பது?

வெள்ளிக்கிழமை இரவு 8 மணி. வீவக பலமாடிக் கார் நிறுத்துமிடத்தில் உங்கள் மின்சாரக் காரை விட்டுவிட்டு வீட்டுக்குப் போகிறீர்கள். சார்ஜ் 80 விழுக்காடு. வார இறுதி முழுக்க எம்ஆர்டியிலேயே சுற்றியாகிவிட்டது. திங்கட்கிழமை காலை வேலைக்குக் கிளம்பி வந்தால், கதவு திறக்கவில்லை. கைத்தொலைபேசிச் செயலியில் காருடன் தொடர்பே இல்லை.

80 விழுக்காடு சார்ஜ் இருந்தும் கார் அசையாமல் கிடக்கிறது. எப்படி?

சந்தேகப்பட வேண்டிய முதல் ஆள், முன்கண்ணாடியில் ஒட்டியிருக்கும் அந்தச் சின்ன டேஷ்கேம்.

இது யாருக்கோ நடக்கும் விஷயம் இல்லை. சிங்கப்பூரில் 2024இல் பதிவான புதிய கார்களில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று மின்சாரக் கார். 2030 முதல் புதிதாகப் பதிவாகும் கார்கள் எல்லாமே தூய்மையான எரிசக்தியில் ஓடுபவையாக இருக்கவேண்டும். கார் வாங்கிய கையோடு நம்மில் பலர் செய்வது டேஷ்கேம் மாட்டுவதுதான். நிறுத்துமிடத்தில் யாராவது கீறிவிட்டுப் போனால் ஆதாரம் வேண்டுமே! ஜொகூர் பாருவுக்கு அடிக்கடி போய்வருவோர் கேட்கவே வேண்டாம். கார் நின்றிருக்கும்போதும் பதிவுசெய்யும் 'பார்க்கிங் மோட்' வேண்டும் என்கிறோம். சிக்கல் ஆரம்பிப்பது அங்கேதான்.

காருக்குள் இரண்டு பேட்டரி

மின்சாரக் காரின் தரைக்கு அடியில் இருக்கும் பெரிய பேட்டரி பெரும்பாலும் 400 வோல்ட் அளவில் இயங்குவது. சில கார்களில் 800. அது முக்கியமாக மோட்டாருக்கும் குளிர்சாதனத்துக்கும்தான். கதவுப் பூட்டு, விளக்கு, திரை, கணினி, வைப்பர் எல்லாவற்றுக்கும் பெட்ரோல் காரில் இருப்பதுபோல ஒரு சின்ன 12 வோல்ட் பேட்டரி தனியாக இருக்கிறது. நீங்கள் மாட்டும் டேஷ்கேமும் இதிலிருந்துதான் குடிக்கிறது.

பெட்ரோல் காரில் இன்ஜின் ஓடும்போது ஆல்டர்னேட்டர் அந்தச் சின்ன பேட்டரியை நிரப்பும். மின்சாரக் காரில் இன்ஜினே கிடையாதே. பெரிய பேட்டரியின் மின்சாரத்தை இறக்கிக் கொடுக்க டிசி-டிசி கன்வெர்ட்டர் என்ற ஒரு கருவி இருக்கிறது. கார் விழித்திருக்கும்போது அது வேலை செய்யும். காரைப் பூட்டிவிட்டுப் போனால் சற்று நேரத்தில் அதுவும் தூங்கிவிடும்.

இதில் ஒரு வேடிக்கை. காரை 'ஆன்' செய்யும்போது அடியில் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்கும், கவனித்திருக்கிறீர்களா? பெரிய பேட்டரியைக் காரோடு இணைக்கும் சுவிட்ச் அது. அந்தச் சுவிட்சை இழுப்பதற்கு 12 வோல்ட் வேண்டும். சின்ன பேட்டரி செத்துப் போனால் அந்த 'டக்' வராது. பெரிய பேட்டரி எவ்வளவு நிறைந்திருந்தாலும் பயன் இல்லை.

பெட்ரோல் காரில் பேட்டரி பலவீனமானால் ஸ்டார்ட் செய்யும்போது இழுத்து இழுத்துச் சொல்லிவிடும். மின்சாரக் காரில் அந்த இழுவை கிடையாது. நேற்றுவரை நன்றாக இருந்த கார் இன்று ஒரேயடியாக நின்றுவிடலாம்.

சின்ன கேமராதானே?

நண்பர் ஒருவர் இதையே சொன்னார். "அது என்ன குளிர்சாதனப் பெட்டியா? தம்மாத்துண்டு கேமரா!" சரி, ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

முன்னும் பின்னும் பதிவுசெய்யும் ஒரு டேஷ்கேம் சுமார் 5 வாட் எடுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 12 வோல்ட்டில் அது ஏறக்குறைய 0.4 ஆம்ப். வெள்ளி இரவு 8 மணியிலிருந்து திங்கள் காலை 8 மணிவரை 60 மணிநேரம். பெருக்கினால் சுமார் 25 ஆம்ப்-மணி. சின்ன பேட்டரியின் கொள்ளளவு 40 ஆம்ப்-மணி என்றால் பாதிக்கு மேல் போய்விட்டது. ஈய-அமில பேட்டரி பாதிக்குக் கீழே அடிக்கடி இறங்கினால் சீக்கிரம் கெட்டுவிடும். கார் தூங்கும்போது அதன் சொந்தக் கருவிகள் எடுப்பது தனிக் கணக்கு.

"என் கார் தானாகவே சின்ன பேட்டரியை நிரப்பிக்கொள்ளுமே" என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான், பல கார்கள் இடையிடையே விழித்துப் பார்த்து நிரப்பிக்கொள்ளும். ஆனால் எல்லாக் கார்களும் ஒரே மாதிரி செய்வதில்லை. சில மாடல்கள் பெரிய பேட்டரி குறைவாக இருந்தால் அந்த வேலையை நிறுத்திவிடும். உங்கள் கார் எப்படி என்பது அதன் கையேட்டில் இருக்கும். அந்த ஒரு பக்கத்தையாவது படித்துவிடுங்கள்.

அப்போ எங்கிருந்து எடுப்பது?

காரை ஓட்டும்போது பதிவு செய்தால் போதும் என்றால் விஷயம் ரொம்பச் சுலபம். காரில் இருக்கும் யூஎஸ்பி துளையோ 12 வோல்ட் சாக்கெட்டோ போதும். கார் அணைந்ததும் பெரும்பாலான மாடல்களில் அதுவும் அணைந்துவிடும். என் பார்வையில் பாதிப் பேருக்கு இதற்குமேல் தேவையே இல்லை. ஒரே ஒரு சோதனை செய்யுங்கள்: காரைப் பூட்டி அரை மணிநேரம் கழித்து வெளியிலிருந்து பாருங்கள், கேமராவின் விளக்கு இன்னும் எரிகிறதா? எரிந்தால் உங்கள் காரில் அந்தத் துளை எப்போதும் மின்சாரம் கொடுக்கிறது.

பார்க்கிங் மோட் கண்டிப்பாக வேண்டுமா? முதலில் காரிலேயே அந்த வசதி இருக்கிறதா என்று பாருங்கள். டெஸ்லாவின் 'சென்ட்ரி மோட்' ஓர் உதாரணம். அது காரின் சொந்தக் கேமராக்களைப் பயன்படுத்துகிறது, மின்சாரம் பெரிய பேட்டரியிலிருந்து வருகிறது. கார் விழித்தே இருப்பதால் ஓடும் தூரம் கொஞ்சம் குறையும். அதுதான் விலை.

இல்லையென்றால் டேஷ்கேமுக்கென்றே விற்கும் தனி பேட்டரிப் பெட்டி இருக்கிறது. கார் ஓடும்போது அது நிரம்பும், நின்றபிறகு கேமரா அதிலிருந்து மட்டுமே எடுக்கும். தீர்ந்துபோனால் கேமரா அணையும், அவ்வளவுதான். காரின் 12 வோல்ட் பேட்டரிக்கு ஒன்றும் ஆகாது. விலை கேமராவையே தாண்டலாம். ஆனாலும் மின்சாரக் காருக்கு நான் சொல்வது இதைத்தான். லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகையாகப் பார்த்து வாங்குங்கள், வெப்பத்தைக் கூடுதலாகத் தாங்கும். இருக்கைக்கு அடியில் வையுங்கள். கைத்தொலைபேசிக்கு வாங்கிய சாதாரண பவர் பேங்க்கை டேஷ்போர்டில் வைத்து இந்த வேலையைச் செய்யவே கூடாது. நம் ஊர் வெயிலில் திறந்தவெளியில் நிற்கும் காருக்குள் வெப்பம் 60 டிகிரியைத் தாண்டலாம். அந்தச் சூட்டுக்காக அவை செய்யப்படவில்லை.

ஃபியூஸ் பெட்டியிலிருந்து எடுப்பது

கடைகளில் பெரும்பாலும் செய்வது இதுதான். தவறில்லை, ஆனால் எப்படிச் செய்கிறார்கள் என்பதைப் பக்கத்தில் நின்று பார்க்கவேண்டும்.

சரியான முறையில் 'ஃபியூஸ் டேப்' என்ற சின்ன இணைப்பான் பயன்படுத்துவார்கள். காரின் பழைய ஃபியூஸ் அதில் அப்படியே இருக்கும், கேமராவுக்கு 2 அல்லது 3 ஆம்ப் ஃபியூஸ் தனியாகச் சேரும். காரின் எந்த வயரும் வெட்டப்படாது. வயரின் தோலைச் சீவி முறுக்கி, கறுப்பு டேப் சுற்றுகிறார்கள் என்றால், "வேண்டாம்" என்று சொல்லிவிடுங்கள். ஏர்பேக், பிரேக், ஸ்டியரிங், சார்ஜிங் சம்பந்தப்பட்ட ஃபியூஸ்கள் பக்கமே போகக்கூடாது. வைப்பர், சாக்கெட் போன்றவை பரவாயில்லை.

அடுத்தது, வோல்ட் குறைந்தால் கேமராவைத் தானாக அணைக்கும் வசதி. ஹார்ட்வயர் கிட்டுகளில் இது இருக்கும். ஈய-அமில பேட்டரி நிரம்பி ஓய்வில் இருக்கும்போது சுமார் 12.6 வோல்ட் காட்டும். எனவே 12.2 அல்லது 12.4இல் அணையும்படி வைக்கலாம். ஆனால் இப்போது சில மின்சாரக் கார்களில் சின்ன பேட்டரியும் லித்தியமாகிவிட்டது. 2021 கடைசியிலிருந்து வந்த டெஸ்லா மாடல் 3, மாடல் ஒய் கார்களில் அது 15 வோல்ட்டுக்கு மேல் காட்டும். அங்கே 12.2 என்று வைத்தால் எச்சரிக்கை மணி அடிக்கவே அடிக்காது. கடைக்காரர் எல்லாக் கார்களுக்கும் ஒரே எண்ணை வைக்கிறார் என்றால், அவருக்கு உங்கள் காரைத் தெரியவில்லை.

இன்னும் மூன்று விஷயம். காருக்குள் ஆரஞ்சு நிற வயர் எங்கே கண்ணில் பட்டாலும் கை வைக்காதீர்கள், அது உயர் வோல்ட் வயர், உயிரை எடுக்கும். எர்த் வயருக்காகத் தரையில் துளை போட விடாதீர்கள், அடியில் இருப்பது பெரிய பேட்டரி. முன்கண்ணாடியின் ஓரத் தூண் வழியாக வயர் இறங்கும்போது அது ஏர்பேக்கின் முன்னால் குறுக்கே போகக்கூடாது, பின்பக்கமாகப் போகவேண்டும்.

சாலைக் கட்டணத்துக்கான ஓபியூ கருவிக்கும் வயர் ஓடுகிறதே, அதிலிருந்து எடுக்கலாமா என்று ஒருவர் கேட்டார். கூடாது! அதைப் பொருத்துவதும் மாற்றுவதும் நிலப் போக்குவரத்து ஆணையம் அங்கீகரித்த பட்டறைகளின் வேலை.

உத்தரவாதம் போய்விடுமா?

டேஷ்கேம் மாட்டினாலே எல்லாம் போச்சு என்று விற்பனையாளர் பயமுறுத்தினால் நிதானமாகக் கேளுங்கள். வெளிப் பட்டறையில் சர்வீஸ் செய்தாலே உத்தரவாதம் ரத்து என்ற நிபந்தனையைச் சிங்கப்பூரின் கார் முகவர்கள் 2017இல், போட்டித்தன்மை ஆணையம் தலையிட்ட பிறகு நீக்கினார்கள். அதே நேரம், தவறான வயரிங்கால் வந்த பழுதுக்கு அவர்கள் பொறுப்பேற்க மறுக்கலாம். காரை எடுக்கும்போதே முகவரிடம் பொருத்தச் சொன்னால் விலை கொஞ்சம் கூடும், பிறகு வாக்குவாதம் குறையும். வெளியே செய்தால் எந்த ஃபியூஸ், எத்தனை ஆம்ப் என்று ரசீதில் எழுதி வாங்குங்கள்.

ஏற்கெனவே நின்றுவிட்டதா?

பதற வேண்டாம். 12 வோல்ட் ஜம்ப் ஸ்டார்ட்டர் ஒன்றைக் கையேட்டில் காட்டியிருக்கும் முனைகளில் இணைத்தால், பெரும்பாலான கார்கள் விழித்துக்கொள்ளும். அதன்பிறகு கார் தானே சின்ன பேட்டரியை நிரப்ப ஆரம்பிக்கும். ஆனால் உங்கள் மின்சாரக் காரிலிருந்து இன்னொரு காருக்கு ஜம்ப் கொடுக்காதீர்கள். வேண்டாம் என்று பல தயாரிப்பாளர்கள் கையேட்டிலேயே சொல்கிறார்கள்.

முன் மூடி மின்சாரத்தில் திறக்கும் கார் என்றால் வேறு வழி தெரிந்திருக்க வேண்டும். டெஸ்லா மாடல் 3இல் முன் பம்பரில் இழுவைக் கொக்கிக்கான சின்ன மூடிக்குப் பின்னால் இரண்டு வயர்கள் இருக்கும், அதற்கு 12 வோல்ட் கொடுத்தால் மூடி திறக்கும். உங்கள் காரில் எங்கே என்று இன்றே பார்த்து, அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துக் கைத்தொலைபேசியில் வைத்துக்கொள்ளுங்கள். ஜம்ப் ஸ்டார்ட்டரை மட்டும் காருக்குள் வைத்துப் பூட்டிவிடாதீர்கள். கதவு திறக்காதபோதுதான் அது தேவைப்படும்.