துண்டான விரலுக்கு விலை என்ன?

நெய்வேலிச் சுரங்கத்தில், ஓடும் கன்வேயர் பட்டையில் சிக்கி ஒரு தொழிலாளியின் கட்டைவிரல் துண்டாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு வயது 40. மாதக் கூலி 15,000 ரூபாய். அந்த விரலுக்கு ஈடு எவ்வளவு? நம் நாட்டுச் சட்டம் இதற்குத் துல்லியமான கணக்கு வைத்திருக்கிறது. கூலியில் 60 விழுக்காட்டை எடு. வயதுக்குரிய எண்ணாகிய 184.17-ஆல் அதைப் பெருக்கு. வந்த தொகையில் கட்டைவிரலுக்குரிய 30 விழுக்காட்டைக் கொடு என்கிறது. கணக்கு 4,97,259 ரூபாய் என்று முடிகிறது. போனது சுண்டுவிரல் என்றால் 7 விழுக்காடுதான், 1,16,027 ரூபாய்.

அல்லாஹ் படைத்த அவயவத்துக்கு மனிதன் விலை பேசுவதா என்று சிலர் மனம் கூசக்கூடும். வாசக அன்பர்களே! கூச வேண்டியதில்லை. நமது ஷரீஅத்தும் பேசியிருக்கிறது. பெருமானார் (ஸல்) அவர்கள் யமன் நாட்டு மக்களுக்காக எழுதுவித்து, அம்ர் இப்னு ஹஸ்ம் (ரலி) அவர்கள் வசம் அனுப்பிய கடிதம் ஹதீஸ் கலையில் பெயர் பெற்றது. பிறரால் ஏற்படும் காயங்களுக்கான ஈட்டுத்தொகையை, அதாவது 'தியத்'தை, அது வரிசைப்படுத்துகிறது. ஓர் உயிருக்கு 100 ஒட்டகங்கள். ஒரு கண்ணுக்கு 50. ஒரு கைக்கு 50. ஒரு காலுக்கு 50. ஒரு விரலுக்கு 10. ஒரு பல்லுக்கு 5.

இவ்விரு பட்டியல்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். சட்டத்தின் பட்டியலில் கட்டைவிரலுக்கு 30, ஆள்காட்டி விரலுக்கு 14, நடுவிரலுக்கு 12, மோதிர விரலுக்கும் சுண்டுவிரலுக்கும் 7. ஷரீஅத்தின் பட்டியலிலோ எல்லா விரல்களும் ஒன்றே. இந்த வேற்றுமை நம் முன்னோர்க்குத் தெரியாததன்று. ஓர் அறிவிப்பின்படி, கலீஃபா உமர் (ரலி) அவர்கள் தொடக்கத்தில் கட்டைவிரலுக்கு 15, ஆள்காட்டிக்கும் நடுவிரலுக்கும் பத்துப் பத்து, மோதிர விரலுக்கு 9, சுண்டுவிரலுக்கு 6 என்றே தீர்ப்பளித்து வந்தார்கள். கூட்டிப் பார்த்தால் ஒரு கைக்குரிய 50 வந்துவிடும். விரலின் பயனை எடைபோட்ட தீர்ப்பு அது. அம்ர் இப்னு ஹஸ்மின் குடும்பத்தாரிடம் இருந்த கடிதத்தின் செய்தி எட்டியதும், எல்லா விரல்களும் சமம் என்ற நபிவழிக்கு மாறிவிட்டார்கள்.

இதனால் நாட்டுச் சட்டம் தவறு என்று நாம் சொல்ல வரவில்லை. அந்தச் சட்டம் கேட்பது, 'இந்தக் காயத்தால் இவருடைய சம்பாதிக்கும் ஆற்றலில் எவ்வளவு குறைந்தது?' என்பதை. கட்டைவிரல் இல்லாதவர் ஸ்பேனர் பிடிக்க முடியாது. சுண்டுவிரல் இல்லாதவர் பிடித்துவிடலாம். தியத் கேட்பதோ, 'ஒரு மனிதனிடமிருந்து என்ன பறிபோயிற்று?' என்பதை. பிழைப்புக்கு முதற் கேள்வி வேண்டும். மானத்துக்கு இரண்டாவது வேண்டும். இரண்டாவது கேள்வியில் மற்றொரு சமத்துவமும் அடங்கியிருக்கிறது. தலைவனின் விரலுக்கும் கூலியாளின் விரலுக்கும் பத்து ஒட்டகந்தான். சம்பளத்தைக் கேட்டுவிட்டு அங்கே தீர்ப்பு எழுதுவதில்லை.

இந்தச் சமத்துவத்தை நெய்வேலியில் வைத்துப் பார்ப்போம். 1956-இல் நிறுவனம் தோன்றியது. 1957 மே 20 அன்று பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். பழுப்பு நிலக்கரியை வெட்டி, அங்கேயே எரித்து, மின்சாரமாக்கித் தென்னாட்டுக்கு அனுப்பும் ஊர் அது. வட்டம் வட்டமாக அமைந்த அந்நகரியத்தில் எல்லா மதத்தாரும் அண்டை வீட்டாராக வாழ்கின்றனர். ஆயினும் சுரங்க வாயிலுக்குள் இரண்டு பதிவேடுகள் உள்ளன: ஒன்று நிரந்தரத் தொழிலாளருக்கு, மற்றது ஒப்பந்தத் தொழிலாளருக்கு. 2020 ஜூலை 1 அன்று இரண்டாம் அனல் மின் நிலையத்தின் கொதிகலனில் வெடிவிபத்து நேர்ந்தபோது, அன்றே ஆறு பேர் மாண்டனர். தீக்காயமுற்றுச் சென்னைக்குக் கொண்டுசெல்லப்பட்டோரிலும் பலர் பிழைக்கவில்லை. அதே ஆண்டு மே 7 அன்றும் அந்நிலையத்தில் ஒரு கொதிகலன் விபத்து நேர்ந்திருந்தது. நெருப்பு எந்தப் பதிவேட்டையும் புரட்டிப் பார்க்கவில்லை.

ஆனால் விபத்துக்குப் பிந்திய வாழ்வு பதிவேட்டைப் பார்க்கிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 20-ஆம் பிரிவில் ஒரு பெரும் பாதுகாப்பைத் தந்துள்ளது. பணிக்காலத்தில் ஊனமுற்ற ஒருவரை அரசு நிறுவனம் வேலையை விட்டு நீக்கவோ பதவியிறக்கவோ கூடாது. பழைய வேலைக்கு ஏலாதவராகிவிட்டால், அதே ஊதியத்தில் வேறு வேலைக்கு மாற்ற வேண்டும். அத்தகைய வேலை இல்லையெனில், அது கிடைக்கும் வரையிலோ ஓய்வு வயது வரையிலோ கூடுதல் பணியிடம் ஏற்படுத்தி அவரை வைத்துக்கொள்ள வேண்டும். அரசுக் கம்பெனிகளும் இச்சட்டத்தின் கண்ணில் அரசு நிறுவனங்களே. ஆகவே நிரந்தரத் தொழிலாளி கை இழந்தாலும் வேலை இழப்பதில்லை. ஒப்பந்ததாரரின் ஆளாக அதே கன்வேயர் அருகே நின்றவருக்கோ இந்தக் காவல் எளிதில் எட்டுவதில்லை. ஈட்டுத்தொகை வரும், வந்த தொகை கரையும், மறுநாள் வாயிற்சீட்டு இராது.

இவ்விடத்தில் மார்க்கம் கற்றவர் ஒருவர் குறுக்கிட்டு, 'சுரங்கத்தில் நேரும் சேதத்துக்கு ஈடு இல்லை என்ற கருத்தில் புகாரியில் ஒரு நபிமொழி வருகிறதே' என்று கேட்கலாம். வருவது உண்மை. அதன் விளக்கத்தையும் சேர்த்தே படிக்க வேண்டும். ஒருவர் தம் நிலத்தில் முறையாகச் சுரங்கம் வெட்ட ஆள் அமர்த்தி, தம் தரப்பில் வரம்பு மீறலோ குறையோ இல்லாமலே மண் சரிந்து ஆள் மாண்டால், அவர்மீது தியத் இல்லை என்பதே அறிஞர்கள் கண்ட பொருள். வரம்பு மீறினால் பொறுப்பு உண்டு. கவனக்குறைவுக்கு அந்த ஹதீஸ் கேடயமாகாது.

மேலும், குற்றவாளி இல்லாத விபத்தில் தியத் இல்லை என்பதனால், பாதிக்கப்பட்டவர் தெருவில் நிற்கட்டும் என்று பொருளன்று. குற்றவாளி இல்லாத இடத்தில் சமுதாயம் பொறுப்பேற்கும் என்பதே பொருள். வேலைக் காயத்தில் யார் பிழை என்று கேளாமலே ஈடு தரும் காப்பீட்டை 1884-இல் ஜெர்மனி சட்டமாக்கியது. நெய்வேலியில் மண்ணைத் தோண்டும் ராட்சதச் சக்கர யந்திரங்களைச் செய்தளித்ததும் அதே நாடுதான். இந்தியாவில் 1923-இல் இழப்பீட்டுச் சட்டம் வந்தது. 2025 நவம்பர் 21 முதல் அது சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்தினுள் அடங்கியுள்ளது. முதலாளியின் குற்றத்தை மெய்ப்பிக்க வேண்டியதில்லை. வேலையின் போது, வேலையின் காரணமாக நேர்ந்தது என்று காட்டினால் போதும். நாட்டில் தொழில் நடத்துவோர் இச்சட்டத்தை ஏற்றே நடத்துகின்றனர். செய்துகொண்ட உடன்படிக்கைகளை நிறைவேற்றுமாறு திருமறையின் ஐந்தாம் அத்தியாயம் தொடக்கத்திலேயே கட்டளையிடுகிறது. எனவே சட்டப்படி தர வேண்டியதைத் தாமதிப்பதும் குறைப்பதும் மார்க்கத்தின் பார்வையிலும் கடன் மோசடியே.

பதிவேடு என்ற சொல்லைக் கொண்டே மற்றொன்றையும் சிந்திப்போம். தவறுதலாக ஒருவர் மற்றவருக்கு மரணத்தை விளைவித்துவிட்டால், தியத் முழுவதையும் அவர் ஒருவரே சுமப்பதில்லை. 'ஆகிலா' எனப்படும் அவருடைய கூட்டத்தார் மூன்று ஆண்டுகளில் பகிர்ந்து செலுத்துவர். தொடக்கத்தில் அது குலத்தாராக இருந்தது. உமர் (ரலி) அவர்கள் படைவீரர்களின் பெயரை 'தீவான்' என்னும் பதிவேட்டில் ஏற்றிய பிறகு, ஒரே பதிவேட்டில் உள்ளவர்களே ஒருவருக்கொருவர் ஆகிலா ஆயினர். ஹனஃபி ஃபிக்ஹு நூல்கள் இதையே சட்டமாகக் கொண்டன. இரத்த உறவின் இடத்தில் தொழில் உறவு வந்து அமர்ந்தது என்பது எத்துணைப் பெரிய மாறுதல்! ஒரே இடத்தில் உழைப்போர் ஒருவர் சுமையை ஒருவர் தாங்க வேண்டும் என்பது இதன் சாரம். ஒரே சுரங்கத்தில் இரண்டு பதிவேடுகளை வைத்து, ஒன்றில் உள்ளவர் மற்றதில் உள்ளவரை அந்நியராக எண்ணுவது அந்தச் சாரத்துக்கு ஒவ்வாதது.

அதே தீவானில் வீரர்களின் மனைவியர்க்கும் குழந்தைகட்கும் உதவித்தொகை எழுதப்பட்டது. இன்றைய முன்னாள் படைவீரர்களுக்கும் இதே கேள்விதான்: நோய் எங்கிருந்து வந்தது? வலிப்பு நோயால் படையிலிருந்து விலக்கப்பட்ட தரம்வீர் சிங் என்பவரின் வழக்கில், 2013-இல் உச்ச நீதிமன்றம் ஒரு முக்கியமான கோட்பாட்டை உரைத்தது. சேரும்போது நோய் இருந்ததாகப் பதிவு இல்லையெனில், அது பணியால் வந்ததாகவே கொள்ள வேண்டும். இல்லை என்று மெய்ப்பிக்கும் சுமை அரசினுடையது. 2023-இல் ஊன ஓய்வூதியத்துக்குப் புதிய தகுதி விதிகள் வந்துள்ளன. ஆதலால் ஒருவர் படையை விட்டு வந்த காலத்தைப் பொறுத்து விதி மாறும். கடலூர் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேட்டறியலாம்.

தொழிலாளருக்கும் இதையொத்த ஏற்பாடு உண்டு. இரைச்சலால் செவி மங்குவது, தூசியால் நுரையீரல் கெடுவது போன்றவை தொழில் நோய்களாகப் பட்டியலிடப்பட்டுள்ளன. இரைச்சல் மிகுந்த வேலையில் ஆறு மாதங்களுக்குக் குறையாமல் தொடர்ந்து இருந்தவருக்குச் செவிப்புலன் கெட்டால், அதை வேலை விபத்துக்குச் சமமாகவே சட்டம் கொள்கிறது. 'வயதாகிவிட்டது, காது மந்தமாகிவிட்டது' என்று சொல்லிக்கொண்டு வீட்டிலிருப்போர் இதை அறிய வேண்டும்.

கடும் நோயாளிகள் விஷயத்தில் மார்க்கத்தின் நோக்கு இன்னும் நுட்பமானது. நோயாளிக்கு நோன்பில் சலுகை உண்டு. நின்று தொழ இயலாதவர் அமர்ந்து தொழலாம். அதோடு, ஆரோக்கியத்தில் செய்துவந்த நற்செயலின் கூலி நோயுற்ற நாளிலும் ஒருவருக்கு எழுதப்படும் என்பது ஆதாரபூர்வமான நபிமொழியின் கருத்து. வேலை நின்றது, கூலி நிற்கவில்லை. இறைவன் தன் அடியாருக்குச் செய்யும் இந்த ஏற்பாட்டை, மனிதன் தன் தொழிலாளிக்குச் செய்யத் தயங்குவானேன்?

உமர் (ரலி) அவர்கள் பார்வை குன்றிய முதிய யூதர் ஒருவர் யாசிப்பதைக் கண்டு, கைப்பிடித்து வீட்டுக்கு அழைத்துச் சென்று உதவியதையும், அவரையும் அவர் போன்றவரையும் கவனிக்குமாறு பைத்துல்மால் அதிகாரிக்கு ஆணையிட்டு, ஜிஸ்யா வரியை நீக்கியதையும் இமாம் அபூயூசுஃப் (ரஹ்) எழுதியுள்ளார்கள். ஹிஜ்ரி 86 முதல் 96 வரை ஆண்ட கலீஃபா வலீத், தொழுநோயாளர்களுக்கு மானியம் வகுத்து, நடக்க இயலாதவருக்குப் பணியாளும் பார்வையற்றவருக்கு வழிகாட்டியும் அமர்த்தியதைத் தபரீ வரலாறு கூறுகிறது. கையேந்த வைத்துக் கொடுப்பதை அவர்கள் விரும்பவில்லை. கையேந்தும் நிலையையே நீக்க முயன்றார்கள்.

ஆகவே ஜக்காத் கொடுப்போர்க்கு ஒரு வார்த்தை. காயமுற்றவர் வீட்டுக்கு அரிசி மூட்டை அனுப்புவது நன்று. ஆனால் சட்டம் அவருக்கு ஐந்து இலட்சம் தர வேண்டியிருக்க, ஐயாயிரம் தருமம் கொடுத்து அவரை மௌனமாக்குவது நன்மையாகாது. தருமம் உரிமைக்கு மாற்றாக முடியாது. உரிமை கைக்கு வரும் வரை அடுப்பெரிய வைப்பதே அதன் வேலை.

காயமுற்றோர் அறிய வேண்டியவை சில. விபத்தை அன்றே எழுத்தில் தெரிவியுங்கள். முதலுதவிச் சீட்டு முதல் எல்லா மருத்துவக் காகிதங்களையும் பத்திரப்படுத்துங்கள். இழப்பீட்டுக் கோரிக்கையை இரண்டு ஆண்டுகளுக்குள் தொடுத்துவிட வேண்டும். ஒப்பந்ததாரர் கைவிரித்தால், வேலையை ஒப்படைத்த முதன்மை நிறுவனத்திடமே ஈடு கேட்கச் சட்டம் வழி செய்திருக்கிறது. வீட்டிலிருந்து வேலைக்கு வரும் வழியில் நேரும் விபத்தும், வேலையோடு தொடர்புடையதாயின், புதிய சட்டத்தில் இடம் பெற்றுள்ளது. ஊனம் 40 விழுக்காடும் அதற்கு மேலும் எனில் மருத்துவச் சான்றும் தனித்துவ அடையாள அட்டையும் பெறுங்கள். தகுதியுள்ள ஏழைக் குடும்பங்களின் பெருஞ்சிகிச்சைக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாய் வரை உதவி உண்டு. எந்த நெருக்கடியிலும் வெற்றுத்தாளில் கையொப்பமிடாதீர்கள். அதுபோலவே, இல்லாத ஊனத்துக்குச் சான்று வாங்காதீர்கள். அது உண்மையாகவே கையிழந்த மற்றொருவரைச் சந்தேகத்துக்கு ஆளாக்கும் பாவம்.

படித்தவர்களுக்கும் இதில் கடமையுண்டு. விண்ணப்பம் எழுதத் தெரியாத காரணத்தாலேயே உரிமை இழந்தோர் அநேகர். ஒவ்வொரு ஜும்ஆத் தொழுகைக்குப் பின்னும், பள்ளியின் தாழ்வாரத்தில் எழுதத் தெரிந்த இருவர் ஒரு மணி நேரம் அமர்ந்தால் போதும். வருபவர் எந்த மதத்தவர், எந்தப் பதிவேட்டினர் என்று கேளாமல், அவருடைய காகிதங்களை வாங்கிப் படித்து, விண்ணப்பம் எழுதிக் கொடுக்கட்டும். துண்டான விரலை நம்மால் ஒட்ட முடியாது. அந்த விரல் பிடித்திருக்க வேண்டிய பேனாவை அவருக்காக நாம் பிடிக்க முடியும்.