தண்ணீர்ப் பரிசோதனைக் கூடங்களின் அங்கீகாரத்தைப் புதுப்பித்தல்

ஒரு கிராமத்துக் கிணற்று நீரில் லிட்டருக்கு 1.4 மில்லிகிராம் புளோரைடு இருப்பதாகப் பரிசோதனைக் கூடம் அறிக்கை தருகிறது என்று கொள்வோம். குடிநீருக்கான இந்தியத் தரநிர்ணயமாகிய ஐ.எஸ். 10500 (2012) ஏற்கத்தக்க அளவாக 1.0 மில்லிகிராமையும், வேறு நீராதாரம் இல்லாதவிடத்து உச்ச வரம்பாக 1.5 மில்லிகிராமையும் விதித்துள்ளது. ஆகவே கிணறு மூடப்படுவதில்லை. ஆனால் அக்கூடத்தின் கருவி 0.2 மில்லிகிராம் குறைத்துக் காட்டியிருப்பின், வரம்பு மீறிய நீரையே அவ்வூர்க் குழந்தைகள் ஆண்டுக்கணக்கில் பருகுவர். மிகுதியான புளோரைடு பற்களையும் எலும்புகளையும் எவ்வாறு சிதைக்கும் என்பதைத் தெலங்கானாவின் நல்கொண்டா வட்டாரம் நெடுங்காலம் அனுபவித்து அறிந்துள்ளது.

அங்கீகாரத்துக்குக் காலவரையறை வைத்திருப்பதன் காரணம் இதுவே. தராசும் வெப்பமானியும் நாளடைவில் பிறழும். கரைசல்கள் வீரியம் இழக்கும். கைதேர்ந்த ஊழியர் மாற்றலாகிச் செல்வர். முன்பு பெற்ற சான்று இன்றைய அளவீட்டுக்குப் பிணையாகாது.

இந்தியாவில் இவ்வங்கீகாரத்தை, இந்தியத் தரக் கவுன்சிலின் அங்கமான தேசிய அங்கீகார வாரியம், ஐ.எஸ்.ஓ./ஐ.இ.சி. 17025 என்னும் பன்னாட்டு விதிகளின்படி (2017ஆம் ஆண்டுப் பதிப்பு) வழங்குகிறது. புதுப்பிக்க விரும்பும் கூடம் காலம் முடிவதற்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும். வருகை தரும் மதிப்பீட்டாளர்கள் ஏடுகளைப் புரட்டுவதோடு நில்லாது, ஊழியரைத் தம் கண்ணெதிரே பரிசோதனை செய்யச் சொல்லிப் பார்ப்பர். நுண்ணுயிர் வளர்க்கும் பெட்டியின் வெப்பநிலை ஆண்டு முழுவதும் ஒரே எண்ணாக, ஒரே மையில் எழுதப்பட்டிருந்தால் அவர்களுக்கு ஐயம் எழாமல் இராது!

எல்லாவற்றினும் கடுமையானது திறமைச் சோதனை. ஒரே மாதிரி நீரைப் பல கூடங்களுக்கு அனுப்பி, ஒவ்வொன்றின் விடையும் நிர்ணயித்த மதிப்பிலிருந்து எத்தனை திட்ட விலக்கம் தள்ளி நிற்கிறது எனக் கணக்கிடுவர். இரண்டுக்குள் இருப்பின் திருப்திகரம். மூன்றை எட்டினால் தவறு. தவறிய கூடம் காரணத்தைக் கண்டறிந்து திருத்தியாக வேண்டும்.

களப்பணியாளர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கீகாரம் கூடம் முழுமைக்கும் அன்று, குறிப்பிட்ட பரிசோதனைகளுக்கே உரியது. புளோரைடுக்கு அங்கீகாரம் பெற்ற கூடம் ஆர்செனிக்குக்குப் பெறாதிருக்கலாம். மாதிரியை அனுப்புமுன் அதன் அங்கீகாரப் பட்டியலைக் கேட்டுப் பார்ப்பது நலம்.

பள்ளிக் குழாயில் நீர் பிடிக்கும் ஆசிரியருக்கும் இதில் பங்குண்டு. குளோரின் கலந்த நீரைக் கிருமிப் பரிசோதனைக்கு எடுக்கையில், சோடியம் தயோசல்பேட் இட்டுக் கிருமிநீக்கம் செய்த புட்டியையே பயன்படுத்த வேண்டும். இன்றேல் எஞ்சிய குளோரின் வழியிலேயே கிருமிகளைக் கொன்றுவிடும். எத்துணைச் சிறந்த கூடமாயினும், அசுத்தமான நீரைத் தூயதென்றே அறிவிக்கும்.