செம்மண் தடங்கள் – 7: லாபுவிலிருந்து ஸ்ரீ மெனாந்தி வரை

இத்தாலியின் தொஸ்கானா வட்டாரத்தில் வெஸ்பா ஸ்கூட்டரில் ஊர் சுற்றுவது இன்று உலகமறிந்த பயண முறையாகிவிட்டது. புளோரன்ஸ் நகரிலிருந்து கியாந்தி மலைச்சரிவுகளின் திராட்சைத் தோட்டங்களைக் கடந்து சியேனா சென்று, அங்கிருந்து கோபுரங்களுக்குப் பேர்போன சான் ஜிமிஞானோவையும் ஓர்ச்சாப் பள்ளத்தாக்கையும் காண வருகிறவர்கள், தாம் பார்க்கும் கல்வீடுகளும் சைப்ரஸ் மர வரிசைகளும் எதற்காக அங்கே நிற்கின்றன என்று பெரும்பாலும் கேட்பதில்லை. அந்த நாட்டுப்புறம் அழகுக்காக அமைக்கப்பட்டதன்று. மெஸ்ஸாத்ரியா எனப்பட்ட வாரமுறையில், நிலவுடைமையாளர் நிலத்தையும் வீட்டையும் கொடுக்க, உழவர் குடும்பம் உழைப்பைக் கொடுத்து, விளைச்சலை இருவரும் பாதிப்பாதியாகப் பிரித்துக்கொண்டனர். குன்றுக்கொரு வீடாகச் சிதறிக் கிடக்கும் அந்தக் குடியிருப்பு முறை, ஒவ்வொரு குடும்பமும் தான் உழுத நிலத்தின் நடுவிலேயே வாழவேண்டியிருந்ததால் உண்டானது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் இளைஞர்கள் ஆலை வேலைக்கு நகரம் போகத் தொடங்கினர், 1964ஆம் ஆண்டுச் சட்டம் புதிய வார ஒப்பந்தங்களைத் தடை செய்தது, வீடுகள் வெறிச்சோடின. 1985இல் இயற்றப்பட்ட மற்றொரு சட்டம், உழவர்கள் தம் பண்ணை வீடுகளில் விருந்தினரைத் தங்கவைத்து வருவாய் ஈட்ட வழிசெய்த பின்னரே, அந்த வீடுகளில் மீண்டும் விளக்கெரிந்தது.

இதில் ஸ்கூட்டரின் பங்கு இரட்டைத் தன்மை உடையது. போரில் குண்டுவீச்சுக்கு இலக்கான பொந்தெதேராவின் விமானத் தொழிற்சாலையை நடத்திவந்த பியாஜியோ நிறுவனம், 1946 ஏப்ரல் 23 அன்று வெஸ்பாவுக்குக் காப்புரிமை கோரியது. அதை வடிவமைத்த கொராதீனோ தாஸ்கானியோ, ஹெலிகாப்டர் ஆய்வில் பெயர் பெற்ற விமானப் பொறியாளர். விமானத்தின் தரையிறங்கு சக்கரம் போல ஒரு பக்கத்திலிருந்து மட்டும் தாங்கப்படும் முன்சக்கரம், சங்கிலியின்றிப் பின்சக்கரத்தின் அருகிலேயே பொருத்தப்பட்ட இயந்திரம், தனிச் சட்டகம் இல்லாமல் உடலே சட்டகமாக அமைந்த எஃகுத் தகட்டுக் கூடு ஆகியவை அவருடைய தொழில் பின்னணியிலிருந்து வந்தவை. நாட்டுப்புற இளைஞனை நிலத்திலிருந்து விடுவித்து நகருக்குக் கொண்டுசென்ற வாகனங்களில் ஒன்று, இன்று அதே நிலத்தைப் பார்க்க வருகிறவர்களைச் சுமந்து திரும்பியிருக்கிறது.

மலேசியத் தோட்டப்புறத்தின் கதையும் ஏறத்தாழ இந்தத் தடத்திலேயே சென்றிருக்கிறது. திரும்பி வரும் பாதி மட்டும் இன்னும் நிகழவில்லை. நெகிரி செம்பிலான் மாநிலத்தில், சிரம்பானுக்கு வடமேற்கே, கொமுட்டர் ரயில் நின்று செல்லும் சிறு நிலையத்தோடு கூடிய லாபுவைச் சுற்றியுள்ள தோட்டங்களைத் தொடரின் இந்தப் பகுதி எடுத்துக்கொள்வதற்கு அதுவே காரணம்.

இங்கே வெஸ்பாவின் இடத்தைப் பிடித்திருப்பது, மலேசியர் அனைவரும் கப்சாய் என்றழைக்கும் சிறு மோட்டார்சைக்கிள். 1958இல் ஹோண்டா நிறுவனம் ஜப்பானில் வெளியிட்ட சூப்பர் கப் வண்டியே இந்த இனத்தின் மூலம். பினாங்கைச் சேர்ந்த லோ பூன் சியூ அந்நிறுவன வண்டிகளை மலாயாவுக்குக் கொண்டுவந்து பரப்பினார். பின்னர் வந்த ஹோண்டா இ.எக்ஸ்.5 வண்டியும், கெடாவின் குருண் நகரில் 1996 முதல் உற்பத்தியான மொடெனாஸ் கிரிஸ் வண்டியும் தோட்ட வீடுகளின் வாசலில் நிற்காத நாளில்லை. ஸ்கூட்டரைப் போலவே காலைத் தூக்கிப் போடாமல் ஏறி அமரலாம். காலுக்கு முன் சேறு தடுக்கும் தகடு உண்டு. ஆனால் சக்கரம் பதினேழு அங்குல விட்டம் கொண்டதாகையால், முதல் வெஸ்பாவின் எட்டங்குலச் சக்கரம் இறங்கிவிடக்கூடிய பள்ளத்தை இது தாண்டிச் செல்லும். இயந்திரத்தின் வேகத்துக்கேற்பத் தானே பற்றியும் விட்டும் இயங்கும் கிளட்ச் இருப்பதால் இடக்கைக்கு வேலையில்லை. இடக்காலால் மிதித்தே கியர் மாற்றிவிடலாம். பால்மரக் காட்டில், அதாவது ரப்பர்த் தோட்டத்தில், இரண்டு பக்கமும் பால் வாளி கட்டிக்கொண்டு ஸ்டோருக்குப் போகும் தொழிலாளிக்கு இதைவிட ஏற்ற இயந்திரம் அமைந்திருக்க முடியாது.

தோட்டத்துச் சாலைகளின் அமைப்புக்குப் பயிரே காரணம். செம்பனைக் குலை வெட்டிய இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் ஆலையைச் சேரவேண்டும், இல்லாவிட்டால் எண்ணெயில் அமிலம் கூடித் தரம் குறைந்துவிடும். ஒவ்வொரு மரத்துக்கும் பத்துப் பதினான்கு நாளுக்கொருமுறை அறுவடை உண்டு. ஆகவே எந்த மரமும் லாரிப் பாதைக்கு வெகுதொலைவில் இருக்க இயலாது. செம்மண்ணும் சரளையும் இறுக்கிய குறுகிய பாதைகள் தோட்டத்தைக் கட்டம் கட்டமாக வெட்டிச் செல்வதும், மேட்டில் அவை படிவரிசைகளை ஒட்டி வளைவதும் இதனால்தான். அவற்றில் மெல்லச் செல்லும் ஒருவர், வெட்டிப் போட்ட மட்டைகள் வரிசைக்கு நடுவே அடுக்கப்பட்டிருப்பதையும், பாதையோரம் குலைகளைக் குவித்து வைக்கும் இடங்களில் உதிர்ந்த பழம் ஆரஞ்சு நிறத்தில் சிதறிக் கிடப்பதையும், அரிவாள் கட்டிய நீண்ட அலுமினியக் கம்பம் ஒன்றை மோட்டாரின் பக்கவாட்டில் கட்டிக்கொண்டு எதிரே வரும் அறுவடைக்காரரையும் காணலாம். மழை பெய்து ஓய்ந்த நாளில் இந்தச் செம்மண், சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் இடையே அப்பிக்கொண்டு வண்டியையே நிறுத்திவிடும். குச்சி ஒன்றால் அதைச் சுரண்டி எடுக்காமல் மேற்கொண்டு நகர முடியாது.

செம்பனை இங்கே இரண்டாவதாக வந்த பயிர். அதற்கு முன் இந்நிலம் முழுவதும் ரப்பராக, தோட்டத் தமிழில் கித்தாவாக, இருந்தது. 1960களிலிருந்து ரப்பர் விலை சரிந்ததால் தோட்டம் தோட்டமாகச் செம்பனைக்கு மாறின. ரப்பர் நட்டு, வெட்டி, வளர்த்தவர்களில் பெரும்பான்மையோர், கங்காணி முறையில் தமிழகத்திலிருந்து வந்தவர்கள். தோட்ட நிர்வாகம் தன்னிடம் வேலை செய்யும் ஒருவரையே உரிமம் கொடுத்து அவருடைய ஊருக்கு அனுப்பி, உற்றார் உறவினரைச் சேர்த்து அழைத்துவரச் செய்ததே கங்காணி முறை. 1938இல் இந்திய அரசு இத்தகைய குடிபெயர்ப்புக்குத் தடை விதித்ததோடு அது முடிவுக்கு வந்தது. தோட்டம் பல டிவிஷன்களாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றிலும் ஒரே கூரையின் கீழ் வரிசையாக அமைந்த லயன் வீடுகள், விடியுமுன் பெயர் கூப்பிட்டு வேலை பங்கிடும் பெரட்டுக் களம், பாலை நிறுக்கும் ஸ்டோர், ஆயாக் கொட்டகை, மாரியம்மன் கோவில், பள்ளிக்கூடம் என ஒரு முழுக் குடியிருப்பு எழுந்தது. பள்ளிக்கூடம் முதலாளியின் கருணையால் வந்ததன்று. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தாலே தோட்டம் பள்ளி அமைக்கவேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. லாபு வட்டாரத்துத் தமிழ்ப்பள்ளிகளின் பெயர்களில் தோட்டத்தின் பெயரும் டிவிஷன் எண்ணும் இன்றும் ஒட்டிக்கொண்டிருப்பதற்கு அந்தப் பிறப்பே காரணம். லாபு தோட்டத்தின் ஒன்றாம் டிவிஷன் பள்ளி, நான்காம் டிவிஷன் பள்ளி என்ற பெயர்களை வாசிக்கும் ஒருவர், அழிந்துபோன ஒரு குடியிருப்பின் வரைபடத்தையே வாசிக்கிறார்.

தொஸ்கானாவின் வாரக் குடியானவர் விட்டுச் சென்ற வீடு கல்லாலானது, அது காத்திருந்தது. லயன் வீடோ பலகையாலும் தகரத்தாலும் ஆனது, நிறுவனத்துக்குச் சொந்தமானது. குடும்பம் வெளியேறிய மறு மாதமே இடித்துவிட்டு அங்கே கன்று நட முடியும். அதனால் லாபுப் பக்கம் மோட்டாரில் சுற்றுகிறவர் எதிர்பார்த்துப் பார்க்கவேண்டியவை வேறு: செம்பனைக்கு நடுவே காரணமில்லாமல் நிற்கும் ஒரு பழைய மாமரமோ பலாமரமோ, யாரோ ஒருவருடைய வீட்டுப் பின்கட்டு அங்கே இருந்ததைச் சொல்லும்; சூழ வீடே இல்லாத இடத்தில் வண்ணம் பூசப்பட்டு நிற்கும் கோவில், ஆண்டுத் திருவிழாவுக்குக் கிள்ளானிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் வந்துபோகும் பழைய குடும்பங்களைச் சொல்லும். இவை கார் வேகத்தில் கண்ணில் படாதவை. மணிக்கு முப்பது கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் சிறு மோட்டாருக்கு மட்டுமே இந்த நிலம் தன்னைக் காட்டுகிறது என்பதே இப்பகுதியின் துணிபு.

இந்த நிலமும் நிலையானதன்று. ஏர் ஏசியாவும் சைம் டார்பியும் சேர்ந்து லாபுவில் மலிவுக் கட்டண விமான நிலையம் ஒன்றை ஏறத்தாழ 160 கோடி ரிங்கிட் செலவில் அமைக்கும் திட்டம் 2009 தொடக்கத்தில் நாடெங்கும் பேசப்பட்டது. அந்த ஆண்டு ஜனவரி இறுதியிலேயே அமைச்சரவை அதைக் கைவிட்டு, சிப்பாங்கிலேயே புதிய முனையம் அமையட்டும் என முடிவெடுத்தது. அதுவே 2014 மே மாதம் கே.எல்.ஐ.ஏ. 2 என்ற பெயரில் திறக்கப்பட்டது. திட்டம் நிறைவேறியிருந்தால் மேலே சொன்ன பாதைகள் பல விமான நிலையத்துக்கு அடியில் போயிருக்கும். பண்டார் எண்ஸ்டெக், நீலாய் ஆகிய நகரங்கள் தோட்ட நிலத்தின் மேல் வளர்ந்தவையே, இன்னும் வளரப்போகின்றன. வீடும் வேலையும் தரும் வளர்ச்சியை எதிர்ப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஆனால் தொஸ்கானாவில் சரளைச் சாலைகள் தார்ச்சாலையாகி மறைந்துகொண்டிருந்தபோது, 1997இல் காயோலே என்னும் சிற்றூரில் சிலர் பழைய சைக்கிள்களில் அவற்றின் வழியே ஒரு சவாரி தொடங்கினர். எரோயிக்கா என்ற அந்தச் சவாரி உலகப் புகழ் பெற்று, வெள்ளைச் சாலைகள் எனப்படும் அந்தப் பாதைகள் காக்கப்பட வழிவகுத்தது. ஒரு பாதையைக் காப்பதற்கு முதல் படி, அதில் மதிப்போடு சென்று வருவதே. தோட்டத்தில் பிறந்து நகரத்தில் வாழும் தலைமுறை தன் பிள்ளைகளைப் பின்னால் அமர்த்திக்கொண்டு, தோட்ட அலுவலகத்தில் அனுமதி கேட்டு, பெரட்டுக் களம் இருந்த இடத்தைக் காட்டிவிட்டு வருமானால், எண்களாக மட்டும் எஞ்சியிருக்கும் டிவிஷன்கள் மீண்டும் ஊர்களாகும்.

லாபுவிலிருந்து சிரம்பான் சென்று, அங்கிருந்து கோலப் பிலாவை நோக்கிக் கிழக்கே போகும் சாலை, மாநிலத்தின் வேறொரு வரலாற்றுக்குள் இட்டுச்செல்கிறது. வழியில் குறுக்கிடும் புக்கிட் பூத்துஸ் கணவாயைப் புதிய சாலை உயர்ந்த பாலத்தின் மேல் எளிதாகக் கடந்துவிடுகிறது. மோட்டார் ஓட்டிகள் விரும்புவது காட்டை ஒட்டி வளைந்தேறும் பழைய சாலையை. இறக்கத்தில் பிரேக்கை மட்டும் நம்பாமல் இரண்டாம் கியரில் இறங்கினால் இயந்திரமே வேகத்தைப் பிடித்துக்கொள்ளும். கியரற்ற இன்றைய ஸ்கூட்டரைவிடக் கப்சாய் மேம்படும் இடம் இது. ஈயச் செல்வத்தின் பொருட்டுச் சிரம்பானைச் சூழ்ந்த சுங்கை ஊஜோங்கில் 1874இல் தலையிட்ட ஆங்கிலேயர், அடுத்த ஆண்டு ஸ்ரீ மெனாந்தியின் ஆட்சியாளர் துங்கு அந்தாவின் படையோடு இதே கணவாயில் மோதினர். 1875 டிசம்பரில் இங்கிருந்த அரண் ஒன்றைக் கைப்பற்றியதற்காகக் கூர்க்காப் படையைச் சேர்ந்த கேப்டன் சானருக்கு விக்டோரியா சிலுவை வழங்கப்பட்டது. அந்தப் போரின்போது ஸ்ரீ மெனாந்தியில் அன்றிருந்த அரண்மனை எரிக்கப்பட்டது.

கணவாயைத் தாண்டியதும் தெராச்சிப் பள்ளத்தாக்கில் நிலக்காட்சி மாறுகிறது; செம்பனையின் ஒரே சீரான நிழல் விலகி, வயல் வெளியும் மர வீடுகளும் பழத்தோட்டங்களும் தோன்றுகின்றன. சுமத்ராவின் மினாங்கபாவிலிருந்து வந்தோர் கொண்டுவந்த அடாட் பெர்ப்பாத்தே என்ற வழக்கப்படி, இங்கே மூதாதையர் நிலம் தாயிடமிருந்து மகளுக்குச் செல்லும். 1909ஆம் ஆண்டுச் சட்டம் அதற்குக் காப்பளித்து, அத்தகைய நிலம் குலத்துக்கு வெளியே கைமாறாதபடி தடுத்தது. மலைக்கு அந்தப் பக்கம் லயன் வீடுகள் ஒரு தலைமுறையில் மறைந்துபோனதும், இந்தப் பக்கம் வீடுகள் தலைமுறை தலைமுறையாக நிற்பதும் உழைப்பின் ஏற்றத்தாழ்வால் நேர்ந்தவை அல்ல. நிலத்தின் பத்திரத்தில் யார் பெயர் இருந்தது என்பதே வேறுபாடு. ஒரு நாள் பயணத்தில் கண்கூடாகக் காணக்கூடிய இந்த உண்மையை எந்தச் சுற்றுலாக் கையேடும் எடுத்துச் சொல்வதில்லை.

பயணத்தின் எல்லையான ஸ்ரீ மெனாந்தியில், எரிந்த அரண்மனைக்கு ஈடாக 1902இல் தொடங்கி 1908இல் முடிக்கப்பட்ட பழைய அரண்மனை நிற்கிறது. மலாய்த் தச்சர்களான கஹாரும் தாயிபும் இரும்பாணியின்றி, மர ஆப்பும் பொருத்துமாகவே அதை எழுப்பினர். 99 தூண்கள் 99 வீரர்களைக் குறிப்பதாகச் சொல்வர். அடுக்கடுக்காக உயர்ந்து சிறு கோபுரமாகக் குறுகும் அந்தக் கட்டடத்தில் 1931 வரை அரச குடும்பம் வாழ்ந்தது. 1992இல் அது அருங்காட்சியகமாயிற்று. செதுக்கு வேலைப்பாடு கொண்ட அந்தத் தூண்களை அருகே நின்று பார்ப்பவருக்கு, சியேனாவின் கல்லுக்கு இந்த மரம் எவ்வகையிலும் குறைந்ததன்று என்பது விளங்கும்.

இத்தகைய பயணத்துக்குப் புறப்படுவோர் ஒன்றை மறக்கலாகாது. மலேசியச் சாலைகளில் உயிரிழப்போரில் பாதிக்கு மேற்பட்டோர் மோட்டாரில் செல்வோரே; லாபுச் சாலையில் மணல் லாரிகளும் செம்பனை லாரிகளும் ஓயாமல் ஓடுகின்றன. காலையில் பனிமூட்டம் விலகும்வரை காத்திருந்து புறப்பட்டு, பிற்பகல் மழைக்கு முன் கணவாயைத் திரும்பக் கடந்துவிடுவதே இவ்வட்டாரத்தார் கடைப்பிடிக்கும் முறை. அடுத்த பகுதி லாபுவிலிருந்து தெற்கே திரும்பி, ராஜா ஜுமாஆட் 1847இல் கட்டிய லுக்குட் கோட்டையையும், 1467ஆம் ஆண்டுக் கல்வெட்டு நிற்கும் பெங்காலான் கெம்பாசையும் காணும்.