14 வயதிலேயே ஓட்டலாம், ஆனா ஏர்பேக் கிடையாது: சிட்ரோயன் ஆமி காரா, பொம்மையா?

பிரான்ஸில் 14 வயது நிரம்பிய ஒருவர், 8 மணி நேரப் பயிற்சி முடித்து 'ஏஎம்' லைசென்ஸ் வாங்கினால் போதும். சிட்ரோயன் ஆமியை எடுத்துக்கொண்டு ஸ்கூலுக்குக் கிளம்பிவிடலாம். 14 வயசுல காரா என்று கேட்கிறீர்களா? சட்டப்படி இது கார் இல்லை என்பதுதான் விஷயம்.

அப்போ இது என்ன வண்டி?

2020-ல் அறிமுகமான ஆமி, ஐரோப்பிய விதிகளில் 'லைட் குவாட்ரிசைக்கிள்' என்ற பிரிவில் வருகிறது. அதாவது இரண்டு சீட்டுக்கு மேல் கூடாது. பேட்டரி தவிர்த்து எடை 425 கிலோவைத் தாண்டக் கூடாது. வேகம் மணிக்கு 45 கி.மீ.தான். அதனால் நெடுஞ்சாலைப் பக்கம் போக முடியாது.

என்னென்ன இருக்கு?

நீளம் 2.41 மீட்டர். நம்ம ஊர் ஆல்டோவைவிட சுமார் ஒரு மீட்டர் குறைவு. 5.5 கிலோவாட் ஹவர் பேட்டரியை வீட்டில் இருக்கும் சாதாரண பிளக்கில் செருகினால் 3 மணி நேரத்தில் ஃபுல் சார்ஜ். ரேஞ்ச் சுமார் 75 கி.மீ. பாட்டு, வழிகாட்டும் மேப் எல்லாவற்றுக்கும் உங்கள் மொபைலைத்தான் டேஷ்போர்டில் மாட்டிக்கொள்ள வேண்டும். தனி டிக்கி கிடையாது. பயணியின் காலடியில் ஒரு சின்ன சூட்கேஸ் வைக்கலாம்.

விலை குறைஞ்சது எப்படி?

இரண்டு பக்கமும் ஒரே கதவு! அதனால் டிரைவர் கதவு பின்பக்கக் கீலில் தலைகீழாகத் திறக்கும், பயணியின் கதவு வழக்கம்போலத் திறக்கும். முன் பம்பரும் பின் பம்பரும் ஒன்றேதான். அச்சு செலவு, உதிரிபாகச் செலவு இரண்டும் மிச்சம். ஏசி இல்லை. ஜன்னல் கண்ணாடியைக் கையால் மடித்துத்தான் திறக்கணும். மொராக்கோவில் தயாராகும் இந்த வண்டியின் அறிமுக விலை 6,900 யூரோ. பிரான்ஸில் எலெக்ட்ரானிக்ஸ் கடைகளிலேயே விற்பனைக்கு வைத்தார்கள்.

பாதுகாப்பு எப்படி?

சிக்கலே இங்கேதான். சீட் பெல்ட் உண்டு, ஏர்பேக் இல்லை. சாதாரண கார்களுக்குக் கட்டாயமான மோதல் சோதனைகள் இந்தப் பிரிவுக்குப் பொருந்தாது. யூரோ என்கேப் அமைப்பு 2014, 2016-ல் இதைவிடக் கனமான குவாட்ரிசைக்கிள்கள் சிலவற்றை மோதிப் பார்த்தது. ரிசல்ட் மோசம். அந்தச் சோதனைகள் ஆமி வருவதற்கு முன்பே நடந்தவை என்றாலும், ஆமிக்கான விதிகளும் கிட்டத்தட்ட அதே தளர்வானவைதான்.

அப்போ யாருக்கு இது?

எதோடு ஒப்பிடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஸ்கூட்டரோடு ஒப்பிட்டால், மழை படாத கூரையும் நான்கு சக்கரமும் லாபம். காரோடு ஒப்பிட்டால், காப்பாற்றக்கூடிய பல விஷயங்கள் இதில் இல்லை. 30 கி.மீ. வேக வரம்புள்ள ஊர்த் தெருக்களுக்கு ஆமி பொருத்தம். பெரிய வண்டிகள் 80-ல் பறக்கும் கிராமச் சாலையில் பிள்ளையை 45-ல் அனுப்பலாமா என்பதைப் பெற்றோர் யோசித்துத்தான் முடிவெடுக்கணும். லைசென்ஸ் கிடைக்கும் வயது 14 என்பது சட்டம். அந்த ரோடு பாதுகாப்பானது என்பதற்கு அது உத்தரவாதம் இல்லை.